இடுப்புக் கிண்ண முறிவு ஆபரேஷனுக்குப் பிறகு சதைக்குள் வளரும் எலும்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விபத்தில் இடுப்புக் கிண்ணம் உடைந்து, பிளேட் வைத்து, நல்லபடியாக வீடு திரும்பிய சிலருக்கு ஒன்றரை இரண்டு மாதம் கழித்து எடுக்கும் எக்ஸ்ரேயில் புதிதாக ஒன்று தெரியும். மூட்டைச் சுற்றியுள்ள தசைக்குள் எலும்பு வளர்ந்திருக்கும். அதைப் பற்றி நோயாளிகளும் வீட்டாரும் கேட்கிற கேள்விகள் இவை. உங்கள் டாக்டர் சொல்வதற்குப் பதிலாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள எடுத்துக்கொள்ளுங்கள்.

இடுப்புக் கிண்ணம் என்றால் எது? எங்கள் பாட்டி பாத்ரூமில் வழுக்கி விழுந்து உடைத்துக்கொண்டதும் இதுதானா?

பெரும்பாலும் இல்லை. வயதானவர்கள் வழுக்கி விழும்போது வழக்கமாக உடைவது தொடை எலும்பின் மேல்முனை, அதாவது அதன் கழுத்தும் அதை ஒட்டிய பகுதியும். இங்கே பேசுவது அந்தத் தொடை எலும்பின் உருண்டைத் தலை உட்கார்ந்து சுழலும் குழியைப் பற்றி. இடுப்பெலும்பின் வெளிப்பக்கத்தில் இருக்கும் இதை டாக்டர்கள் அசிட்டாபுலம் என்பார்கள்.

இளவயதில் இது உடைய வேண்டுமென்றால் அடி பலமாக விழ வேண்டும். கார் மோதும்போது முழங்கால் டேஷ்போர்டில் இடிக்கிறது. அந்த விசை தொடை வழியாக ஏறி, உருண்டைத் தலையைக் கிண்ணத்தின் பின்சுவரில் மோத வைக்கிறது. சுவர் உடைந்து, பல சமயம் மூட்டும் பின்பக்கமாகப் பிசகிவிடும். பைக் விபத்து, கட்டடத்திலிருந்து விழுவது ஆகியவை மற்ற காரணங்கள். எலும்பு மெலிந்த முதியவர்களுக்குச் சாதாரணமாக விழுந்தாலும் இந்த முறிவு வரலாம்.

இதை ஆபரேஷன் செய்து ஒழுங்காகப் பொருத்தலாம் என்பதே ஓரளவு புதிய விஷயம்தான். பிரான்ஸில் ராபர்ட் ஜூடேயும் எமில் லெட்டூர்னெலும் 1964இல் இந்த முறிவுகளை வகைப்படுத்தி, எந்த வகைக்கு எந்த வழியாகத் திறக்க வேண்டும் என்று எழுதினார்கள். அதற்கு முன் பெரும்பாலானவர்களைக் காலில் எடை கட்டி இழுத்து, வாரக்கணக்கில் படுக்கையில் வைத்திருப்பதுதான் வழக்கம். லெட்டூர்னெலின் வகைப்பாட்டைத்தான் இன்றும் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதுகிறார்கள்.

ஆபரேஷன் சக்சஸ் என்றார்கள். இப்போது "எலும்பு கூடுதலாக வளர்ந்திருக்கிறது" என்கிறார்கள். உடைந்த எலும்பு சேரும்போது வளர்வதுதானே அது?

உடைந்த இடத்தில் எலும்பு சேர்வது வேறு, இது வேறு. இங்கே எலும்பு வளர்வது எலும்பே இருக்கக் கூடாத இடத்தில்: மூட்டைச் சுற்றியுள்ள தசையிலும் மூட்டுறையை ஒட்டிய மென்திசுவிலும். நாற்றங்காலில் முளைக்க வேண்டியது வரப்பில் முளைத்தது போல. இதன் மருத்துவப் பெயர் ஹெட்டரோடாபிக் ஆசிஃபிகேஷன், சுருக்கமாக எச்.ஓ. என்பார்கள், இங்கும் அப்படியே சொல்கிறேன்.

இது வெறும் சுண்ணாம்புப் படிவு அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். உள்ளே மச்சை, வெளியே ஓடு, ரத்தக்குழாய் எல்லாம் கொண்ட நிஜ எலும்பு இது. அதனால்தான் மாத்திரையில் கரைவதில்லை.

இது வந்துவிட்டதால் ஆபரேஷன் தோற்றது என்று அர்த்தமில்லை. கிண்ணம் மில்லிமீட்டர் பிசகாமல் பொருந்தியிருக்கும், எச்.ஓ.வும் வந்திருக்கும். இரண்டும் தனித்தனி விஷயங்கள்.

சதைக்குள் எப்படி எலும்பு முளைக்கும்?

தசைக்குள்ளும் அதைச் சுற்றியும் எந்த வேலைக்கும் இன்னும் ஒதுக்கப்படாத மூல உயிரணுக்கள் இருக்கின்றன. அடிபட்டு, நசுங்கி, ரத்தம் கட்டி, அழற்சி கிளம்பும்போது அங்கே பலவிதமான வேதிச் செய்திகள் வெளியாகும். எலும்பை உருவாக்கத் தூண்டும் பி.எம்.பி. எனப்படும் புரதங்களும், புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளும் அவற்றில் முக்கியமானவை. இந்தச் செய்தி கிடைத்த மூல உயிரணுக்கள் வழிமாறி முதலில் குருத்தெலும்பாகி, அப்புறம் எலும்பாகின்றன. இந்த முடிவு காயம் பட்ட முதல் சில நாட்களிலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. எக்ஸ்ரேயில் தெரிய வாரங்கள் ஆனாலும், தடுப்பு மருந்தையும் கதிர்வீச்சையும் முதல் இரண்டு மூன்று நாளுக்குள் கொடுக்க அவசரப்படுவதற்குக் காரணம் இதுதான்.

இடுப்புக் கிண்ண முறிவில் விபத்தும் தசையை நசுக்குகிறது, ஆபரேஷனும் தசையை விலக்குகிறது. இரண்டு அடி. பின்பக்கமாகத் திறக்கும் ஆபரேஷனில் கிண்ணத்துக்கு மேலே ஒட்டியிருக்கும் குளூட்டியஸ் மினிமஸ் என்ற சிறிய பிட்டத் தசை மிகவும் அடிவாங்கும். எச்.ஓ. அதிகம் வளர்வதும் அந்தத் தசைக்குள்தான். அதனால் பல சர்ஜன்கள் காயத்தை மூடும் முன் அந்தத் தசையில் செத்துப்போன பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, நன்றாகக் கழுவிவிடுகிறார்கள். மருந்து, கதிர்வீச்சு பற்றியே எல்லோரும் கேட்கிறார்கள். என் கணக்கில், ஆபரேஷன் மேசையில் நடக்கும் இந்த எளிய வேலைக்குக் கிடைக்க வேண்டிய கவனம் கிடைப்பதில்லை.

எல்லோருக்கும் வருமா?

வராது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் சுமார் நான்கில் ஒருவருக்கு எக்ஸ்ரேயில் ஏதாவது ஒரு அளவில் எச்.ஓ. தெரிகிறது. ஆனால் மூட்டை முடக்கும் அளவுக்குப் போவது நூற்றுக்கு ஐந்தாறு பேருக்குத்தான். கவலைப்பட வேண்டியது இந்த இரண்டாவது எண்ணைப் பற்றி.

யாருக்கு வாய்ப்பு அதிகம் என்பதில், எந்த வழியாகத் திறந்தார்கள் என்பது பெரிய காரணம். இடுப்பெலும்பின் வெளிப்பக்கத் தசைகளை அகலமாகப் பிரித்தெடுக்கும் எக்ஸ்டென்டட் இலியோஃபெமரல் வழியில் ஆபத்து மிக அதிகம். பின்பக்கம் திறக்கும் கோக்கர்-லாங்கன்பெக் வழி அடுத்தது. முன்பக்கமாக, இடுப்பெலும்பின் உட்புறம் வழியாகப் போகும் இலியோஇங்குவினல் வழியில் மிகக் குறைவு. ஆனால் வழியைத் தேர்ந்தெடுப்பது முறிவின் வகைதான். பின்சுவர் உடைந்திருந்தால் பின்னால்தான் திறந்தாக வேண்டும். எனவே "முன்னால் திறந்திருக்கலாமே" என்று சர்ஜனிடம் சண்டை போடுவதில் பயனில்லை.

தலைக்காயம் இன்னொரு பெரிய காரணம். மூளையில் அடிபட்டு நினைவில்லாமல் இருந்தவர்கள், தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்கள், பல நாள் வென்டிலேட்டரில் இருந்தவர்கள் ஆகியோருக்கு எச்.ஓ. வரும் வாய்ப்பு கூடுகிறது. தண்டுவடக் காயத்துக்கும் இதற்கும் உள்ள தொடர்பு முதல் உலகப் போர்க் காலத்திலேயே கவனிக்கப்பட்டது. போரில் முதுகில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்த சிப்பாய்களின் மூட்டைச் சுற்றி எலும்பு வளர்வதை 1918இல் பிரான்ஸில் எழுதிவைத்திருக்கிறார்கள். நரம்பு மண்டலக் காயம் ஏன் தசையில் எலும்பை வளர்க்கிறது என்பது இன்னும் முழுசாக அவிழாத முடிச்சு.

ஆண்களுக்குப் பெண்களைவிட அதிகம். ஆபரேஷன் தள்ளிப்போனால் அதிகம். முன்பு வேறொரு மூட்டில் எச்.ஓ. வந்திருந்தாலும், முதுகெலும்பு ஒட்டிக்கொள்ளும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் இருந்தாலும், அதை ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

எலும்பு சேரட்டும் என்று பாலும் முட்டையும் கால்சியம் மாத்திரையும் நிறையக் கொடுத்தோம். அதனால்தான் வந்ததா?

இல்லை. இந்தக் கேள்வியை வீட்டுப் பெண்கள்தான் குற்ற உணர்வோடு கேட்பார்கள். சாப்பிட்ட கால்சியம் தசைக்குள் போய் எலும்பாகப் படிவதில்லை. தசையிலுள்ள உயிரணுக்கள் வழிமாறியதுதான் காரணம். கால்சியம் நிறுத்தியிருந்தாலும் அவை தமக்கு வேண்டியதை ரத்தத்திலிருந்து எடுத்துக்கொண்டிருக்கும். டாக்டர் எழுதிய கால்சியத்தையும் வைட்டமின் டி-யையும் பயந்துபோய் நிறுத்த வேண்டாம். உடைந்த கிண்ணம் சேர அது தேவை.

இது கேன்சரா? கேன்சராக மாறுமா?

கேன்சர் இல்லை. ஆரம்ப வாரங்களில் ஸ்கேனில் பார்க்கச் சற்று மிரட்டலாக இருக்கும் என்பது உண்மை. விபத்தும் ஆபரேஷனும் நடந்த கதை தெரிந்த டாக்டருக்குக் குழப்பம் இருக்காது. புது இடத்தில் ஸ்கேன் எடுத்தால் பழைய ரிப்போர்ட்களையும் கொண்டுபோங்கள்.

வீட்டில் இருக்கும்போது எதை வைத்துச் சந்தேகப்படலாம்?

ஆபரேஷன் முடிந்து மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் இது தலைகாட்டும். முதல் அறிகுறி பெரும்பாலும் அசைவு குறைவது. போன வாரம் நாற்காலியில் நேராக உட்கார முடிந்தவர் இந்த வாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருவார். பிசியோதெரபியில் நாளுக்கு நாள் கூட வேண்டிய அசைவு நின்றுபோகும், இல்லாவிட்டால் பின்னால் போகும். இடுப்பைச் சுற்றி வீக்கம், தொட்டால் சூடு, லேசான காய்ச்சல், வலி ஆகியவையும் வரலாம். பலருக்கு எந்த அறிகுறியும் இல்லாமல், வழக்கமான எக்ஸ்ரேயில்தான் தெரியவரும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வீக்கம், சூடு, காய்ச்சல் என்ற இதே அறிகுறிகள்தான் ஆபரேஷன் செய்த இடத்தில் சீழ் பிடித்தாலும், காலின் ஆழத்து ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்தாலும் வரும். அந்த இரண்டும் அவசரமானவை. ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ஆகவே "இணையத்தில் படித்தேன், இது எலும்பு வளர்ச்சிதான்" என்று வீட்டிலேயே முடிவு செய்யாமல் அன்றே போய்க் காட்டுங்கள். திடீரென்று மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள்.

எந்த டெஸ்டில் தெரியும்?

சாதாரண எக்ஸ்ரே போதும்; நான்கிலிருந்து ஆறு வாரத்தில் பஞ்சு போன்ற மங்கலான வெள்ளையாகத் தெரியத் தொடங்கும். அதற்கு முன்பே தெரிய வேண்டுமானால் எலும்பு ஸ்கேன் இருக்கிறது, எல்லோருக்கும் அது தேவைப்படாது. ரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் கூடும். ஆனால் உடைந்த எலும்பு சேரும்போதும் அது கூடத்தான் செய்யும், அதனால் அந்த எண்ணை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். சி.டி. ஸ்கேன் பெரும்பாலும் வெட்டி எடுப்பது என்று முடிவான பிறகு, எலும்பு எங்கெங்கே ஓடுகிறது, நரம்பை ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதற்காக.

ரிப்போர்ட்டில் "புரூக்கர் 3" என்று இருக்கிறது. நான்குதான் கடைசி என்றால், இது மோசம்தானே?

1973இல் புரூக்கரும் அவரது சகாக்களும், இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் எக்ஸ்ரேக்களைப் பார்த்து இந்த நான்கு படிகளை வகுத்தார்கள். கிண்ண முறிவுக்கும் அதையே பயன்படுத்துகிறோம். முதல் படியில் தசைக்குள் தீவு தீவாக எலும்புத் துண்டுகள். இரண்டாவதில் இடுப்பெலும்பிலிருந்தோ தொடை எலும்பிலிருந்தோ முள் போல எலும்பு நீண்டிருக்கும்; எதிரெதிர் முனைகளுக்கு நடுவே குறைந்தது 1 செ.மீ. இடைவெளி இருக்கும். மூன்றாவதில் அந்த இடைவெளி 1 செ.மீ.க்கும் குறைவு. நான்காவதில் இரண்டும் சேர்ந்து பாலம் போட்டது போலத் தெரியும்.

முதல் இரண்டு படியில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இருக்காது. ரிப்போர்ட்டைப் படிக்காமல் இருந்திருந்தால் அவர்களுக்கு இது இருப்பதே தெரிந்திருக்காது. மூன்றிலும் நான்கிலும்தான் அசைவு குறைகிறது.

ஆனால் இந்தப் படிக்கணக்கில் ஒரு ஓட்டை உண்டு. அது முன்னாலிருந்து எடுத்த ஒரே ஒரு தட்டையான படத்தை வைத்துப் போட்டது. மூட்டுக்கு முன்னால் ஒரு முள்ளும் பின்னால் ஒரு முள்ளும் இருந்தால், படத்தில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து பாலம் போலக் காட்டும். நிஜத்தில் நடுவே இடைவெளி இருக்கும், கால் அசையும். அதனால்தான் 45 டிகிரி சாய்த்து எடுக்கும் ஜூடே படங்களையும் எடுக்கிறார்கள். என்னைக் கேட்டால், புரூக்கர் எண்ணைவிட முக்கியமான எண் கால் எத்தனை டிகிரி மடங்குகிறது என்பதுதான். நல்ல இடுப்பு சுமார் 120 டிகிரி மடங்கும். நாற்காலியில் ஒழுங்காக உட்கார 90 வேண்டும். உங்களுடையது எவ்வளவு என்று பிசியோதெரபிஸ்டிடம் அளக்கச் சொல்லி ஒவ்வொரு முறையும் எழுதி வையுங்கள்.

இண்டோமெத்தசின் மாத்திரை ஆறு வாரம் எழுதியிருக்கிறார்கள். வலி மாத்திரைதானே, வலி இல்லாத நாளில் விட்டுவிடலாமா?

அது வலிக்காக எழுதியதல்ல. முன்னே சொன்ன புரோஸ்டாகிளாண்டின் உருவாவதை இந்த மாத்திரை தடுக்கிறது. அதன் மூலம் எலும்பு வளரச் சொல்லும் செய்தி மங்குகிறது. வழக்கமான அளவு ஒரு நாளைக்கு 25 மி.கி. மூன்று வேளை, அல்லது மெதுவாகக் கரையும் 75 மி.கி. ஒரு வேளை. ஆபரேஷன் முடிந்து ஒரு நாளுக்குள் தொடங்குவார்கள். டாக்டர் சொல்லாமல் விடவும் கூடாது, இரட்டிப்பாக்கவும் கூடாது.

ஆனால் பக்கத்து படுக்கைக்காரருக்கு இதே ஆபரேஷன் நடந்து, அவருடைய டாக்டர் இந்த மாத்திரையே எழுதவில்லை என்றால் குழம்ப வேண்டாம். இந்த விஷயத்தில் டாக்டர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. பல ஆண்டுகளாகக் கொடுத்து வந்தார்கள். 2006இல் வந்த ஒரு ஆய்வில், பாதிப் பேருக்கு இண்டோமெத்தசினும் பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்ததில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 2014இல் வந்த இன்னொரு ஆய்வு இன்னும் சங்கடமான ஒன்றைக் காட்டியது: ஆறு வாரம் சாப்பிட்டவர்களுக்குக் கிண்ணத்தின் பின்சுவர் சேராமல் போவது அதிகமாக இருந்தது. ஒரு வாரம் மட்டும் கொடுத்த குழுவுக்கு ஓரளவு நன்மை தெரிந்தது. எதற்காகப் பிளேட் வைத்தோமோ அந்த எலும்பே சேராமல் போவதென்றால், அது தடுப்பு மருந்துக்குக் கொடுக்கும் அதிக விலை.

கூடவே தொடை, கெண்டைக்கால், கை எலும்பும் உடைந்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கிண்ண முறிவோடு வேறு நீள எலும்பும் முறிந்தவர்களை வைத்து 2003இல் வெளியான ஒரு ஆய்வில், இண்டோமெத்தசின் சாப்பிட்டவர்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் அந்த மற்ற எலும்பு சேரவில்லை. சாப்பிடாதவர்களில் அது 7 சதவீதம். அப்படிப் பல இடத்தில் முறிவு இருப்பவர் "இந்த மாத்திரை எனக்கு வேண்டுமா?" என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை.

வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, இதய நோய் இருப்பவர்கள், ஏற்கெனவே ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பொதுவாக வயிற்றைக் காக்கும் ஒரு மாத்திரையும் சேர்த்தே எழுதுவார்கள். மலம் தார் போலக் கருப்பாகப் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இன்னொன்று: இதோடு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் போன்ற மற்ற வலி மாத்திரைகளை மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடக் கூடாது. எல்லாம் ஒரே குடும்பம்; வயிறும் சிறுநீரகமும் இரண்டு பங்கு அடிவாங்கும்.

ரேடியேஷன் கொடுக்கலாம் என்கிறார்கள். கேன்சரே இல்லாதவருக்கு எதற்கு ரேடியேஷன்?

பெயரைக் கேட்டதும் பயம் வருவது இயல்பு. கேன்சர் சிகிச்சையில் வாரக்கணக்கில் தினமும் கொடுத்து மொத்தம் 50, 60, 70 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரை போவார்கள். இங்கே கொடுப்பது ஒரே ஒரு முறை, 7 அல்லது 8 கிரே. சில நிமிடத்தில் முடிந்துவிடும். முடி கொட்டாது, வாந்தி பெரும்பாலும் வராது. எலும்பாக மாறத் தயாராகும் உயிரணுக்கள் வேகமாகப் பெருகும் கட்டத்தில் அவற்றை நிறுத்துவதுதான் நோக்கம். அதனால் நேரம் முக்கியம்: ஆபரேஷனுக்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள், அல்லது முடிந்து 72 மணி நேரத்துக்குள். அந்த ஜன்னல் மூடிய பிறகு கொடுப்பதில் பெரிய பயனில்லை.

நடைமுறைச் சிக்கல் வேறு. ரேடியேஷன் இயந்திரம் எல்லா எலும்பு ஆஸ்பத்திரியிலும் இருக்காது. ஆபரேஷன் முடிந்து இரண்டே நாள் ஆனவரை ஆம்புலன்ஸில் வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிவரும். செலவும் கூடும். இந்த ஏற்பாட்டை ஆபரேஷனுக்கு முன்பே பேசி வைத்தால்தான் நடக்கும்.

கர்ப்பிணிகளுக்குக் கூடாது. இனி குழந்தை பெற வேண்டியவர்களுக்கு, ஆணோ பெண்ணோ, யோசித்துத்தான் கொடுப்பார்கள். ஆண்களுக்கு விதைப்பைக்குக் கவசம் வைப்பார்கள். பல ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் புற்று வந்ததாக மிக அரிதாகச் சில நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. இருபது வயதுப் பையனுக்கும் அறுபது வயதுக்காரருக்கும் இந்தக் கணக்கு ஒன்றாக இருக்காது.

அப்படியென்றால் மாத்திரையா, ரேடியேஷனா, எதுவும் வேண்டாமா?

ஒரே பதில் கிடையாது. நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகளில் இரண்டும் ஏறக்குறைய ஒரே பலனைக் கொடுத்தன. முன்பக்கமாகத் திறந்த ஆபரேஷன் என்றால் பெரும்பாலும் எதுவும் தேவையில்லை. பின்பக்கம் திறந்து, தலைக்காயமும் இருந்து, வேறு எலும்பும் உடைந்திருந்தால் ரேடியேஷன் பக்கம் தராசு சாயும். வயிறு, சிறுநீரகம் நன்றாக இருக்கும் இளைஞருக்குக் குறுகிய காலம் மாத்திரை கொடுப்பவர்கள் உண்டு. செத்த தசையைச் சுத்தமாக எடுத்துவிட்டு எதுவும் கொடுக்காமல் பார்த்திருப்பவர்களும் உண்டு.

பிசியோதெரபியால் இது அதிகமாகுமா? நிறுத்திவிடட்டுமா?

நிறுத்தக் கூடாது. அசைக்காமல் வைத்தால் மூட்டு இறுகிப் போவது உறுதி. தானாக அசைப்பதும், வலி தாங்கும் அளவுக்குப் பிசியோ மெதுவாக அசைத்து விடுவதும் பாதுகாப்பானவை. காலில் எவ்வளவு எடை ஊன்றலாம் என்பது மட்டும் சர்ஜன் சொன்னபடி இருக்க வேண்டும்.

கூடாதது பலவந்தம். நோயாளி கத்தக் கத்த காலை மடக்குவது புதிதாகத் தசையைக் கிழிக்கும், ரத்தம் கட்டும், எலும்பு வளரக் கூடுதல் காரணம் கொடுக்கும். இத்தனை நாள் ஊன்றாமல் மெலிந்திருக்கும் தொடை எலும்பே உடையவும் கூடும்.

எண்ணெய் போட்டு நன்றாக நீவினால் கரைந்துவிடும் என்று ஊரில் சொல்கிறார்கள்...

வேண்டாம். முழங்கையில் அடிபட்ட பிள்ளைகளை நீவிவிட்டுத் தசைக்குள் எலும்பு வளர்ந்த கதை நம் நாட்டில் எலும்பு மருத்துவம் படிக்கிற ஒவ்வொருவருக்கும் பாடமாகச் சொல்லப்படுவது. இடுப்பிலும் அதே தசை, அதே விதி. கட்டுப் போடுகிறவர் எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும், வளர்ந்துகொண்டிருக்கும் எச்.ஓ.வை அழுத்தி நீவினால் அது கோபித்துக்கொண்டு இன்னும் வளரும். மேல்தோலில் லேசாக எண்ணெய் தடவுவதில் தவறில்லை.

வளர்ந்துவிட்டது. இனிமேல் மாத்திரையோ ரேடியேஷனோ உதவுமா?

உதவாது. இரண்டும் தடுப்பதற்குத்தான். எட்டிட்ரோனேட் என்ற மருந்தை ஒரு காலத்தில் கொடுத்தார்கள். அது எலும்பு இறுகுவதைத் தள்ளிப்போட்டதே தவிர, நிறுத்தியவுடன் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. இந்தக் கட்டத்தில் செய்யக்கூடியது அசைவைக் காப்பாற்றுவதும், வலியைக் கவனிப்பதும், தேவையானால் வெட்டி எடுப்பதும்தான்.

அப்போது உடனே வெட்டி எடுத்துவிடலாமே?

இங்கேதான் பொறுமை வேண்டும். பச்சையாக, இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் எச்.ஓ.வுக்கு எல்லை தெளிவாக இருக்காது, ரத்தம் கொட்டும், மறுபடி வளரும் என்று டாக்டர்கள் அஞ்சுவார்கள். பழைய நாளில் ஒரு வருடம், ஒன்றரை வருடம்கூடக் காத்திருக்கச் சொன்னார்கள். இப்போது பலர் ஆறு மாதத்துக்குப் பிறகே, எலும்பைச் சுற்றித் தெளிவான ஓடு எக்ஸ்ரேயிலும் சி.டி.யிலும் தெரிந்தால் எடுக்கிறார்கள். மிகவும் காத்திருந்தாலும் நஷ்டம் உண்டு: தசை சுருங்கும், மூட்டுக் குருத்தெலும்பு தேயும், எலும்பு மெலியும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு. பிட்டம் வழியாகக் காலுக்கு இறங்கும் பெரிய நரம்பான சயாடிக் நரம்பை எச்.ஓ. சுற்றிக்கொண்டு, பாதத்தை மேலே தூக்க முடியாமல் போவது, மரத்துப்போவது அதிகமாவது என்று ஆரம்பித்தால் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது.

புரூக்கர் நான்கு என்று எழுதியிருந்தாலும், நன்றாக உட்கார்ந்து எழுந்து வேலைக்குப் போகிறவருக்கு இந்த ஆபரேஷன் தேவையே இல்லை. எக்ஸ்ரேயை அழகாக்க யாரும் ஆபரேஷன் செய்துகொள்ளக் கூடாது.

வெட்டி எடுக்கும் ஆபரேஷன் பெரியதா?

முதல் ஆபரேஷனைவிடச் சிறியது என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். தழும்பேறிய திசுவுக்குள் நரம்பு எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்து, சில சமயம் எலும்புக்குள்ளேயே புதைந்திருக்கும் நரம்பை விடுவிக்க வேண்டும். ரத்தம் ஏற்பாடு செய்து வைக்கச் சொல்வார்கள். நரம்பு பாதிப்பு, கிருமித்தொற்று, தொடை எலும்பு முறிவு ஆகிய ஆபத்துகள் உண்டு. வளர்ந்த எலும்பு முழுவதையும் எடுப்பது நோக்கமல்ல. அசைவைத் தடுக்கும் பகுதியை எடுத்தால் போதும்.

மறுபடி வளராமலிருக்க இந்த முறை ரேடியேஷனோ மாத்திரையோ இரண்டுமோ கண்டிப்பாகக் கொடுப்பார்கள். பிசியோதெரபி ஓரிரு நாளிலேயே ஆரம்பிக்கும். மேசையில் கிடைத்த அசைவில் கொஞ்சம் பின்னால் குறையும் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

கிண்ணத்தின் குருத்தெலும்பே தேய்ந்துபோயிருந்தால், எச்.ஓ.வை மட்டும் எடுத்துப் பயனில்லை. வலி அப்படியே இருக்கும். அப்போது எச்.ஓ.வை எடுத்து, கூடவே செயற்கை மூட்டும் வைப்பது பற்றிப் பேசுவார்கள். அசைவுக் குறைவுக்குக் காரணம் வளர்ந்த எலும்பா, தேய்ந்த மூட்டா என்பதை ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கும் முன் உங்கள் சர்ஜனிடம் நேராகவே கேளுங்கள்.

இனி சம்மணம் போட்டு உட்கார முடியுமா? பைக் ஓட்ட முடியுமா?

லேசான எச்.ஓ. இருப்பவர்களில் பலர் முடிகிறது என்றே சொல்கிறார்கள். கடுமையானதில் முதலில் போவது குந்தி உட்காருவதும் சம்மணமும்தான். அதற்கு மூட்டு நன்றாக மடங்கவும் வெளிப்பக்கம் திரும்பவும் வேண்டும். வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாவிட்டால் மேலே வைக்கும் நாற்காலி ஒன்றை வாங்கிவிடுங்கள். கழிப்பறைக்குப் போகச் சிரமமாக இருக்கிறது என்று சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளும் முதியவர்கள் இருக்கிறார்கள். வெட்கப்பட்டு வெளியே சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். பைக்கைப் பொறுத்தவரை, காலைத் தூக்கிப் போட்டு ஏறவும் அவசரமாகக் காலூன்றவும் முடிகிறதா என்று சர்ஜனும் பிசியோவும் பார்த்துச் சொன்ன பிறகு.

இது பரம்பரையாக வருமா? பிள்ளைகளுக்கும் வருமா?

விபத்துக்குப் பிறகு வரும் எச்.ஓ. பரம்பரை நோயல்ல. ஏ.சி.வி.ஆர்.1 என்ற மரபணுவின் பிழையால், சிறுவயதிலிருந்தே உடல் முழுவதும் தசைகள் எலும்பாக மாறும் எஃப்.ஓ.பி. என்ற மிக அரிய நோய் ஒன்று உண்டு. அந்த மரபணு 2006இல் கண்டுபிடிக்கப்பட்டது. இணையத்தில் தேடும்போது அந்தப் படங்கள் வந்து பயமுறுத்தும். உங்களுடையது அதுவல்ல.

பிளேட்டையும் ஸ்குரூவையும் எடுத்துவிட்டால் இந்த எலும்பு போய்விடுமா?

போகாது. எச்.ஓ. வளர்ந்தது உலோகத்தால் அல்ல, தசை பட்ட காயத்தால். கிண்ணத்தில் வைத்த பிளேட்டைப் பொதுவாக எடுப்பதே இல்லை. எடுக்க வேண்டுமானால் அதே தசைகளை மறுபடி பிரித்து, அதே நரம்பைக் கடந்து போக வேண்டும். அந்தப் புதுக் காயமே அடுத்த எச்.ஓ.வுக்கு இடம் கொடுக்கும். சீழ் பிடித்தாலோ, ஸ்குரூ மூட்டுக்குள் நீட்டிக்கொண்டிருந்தாலோ, செயற்கை மூட்டு வைக்க வழியில் குறுக்கிட்டாலோதான் அதைத் தொடுவார்கள்.